பாலங்களையும் நிலையங்களையும் படமெடுக்க எழுத்தில் ஒரு விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பாலங்கள், ரயில் நிலையங்கள், மெட்ரோ வழித்தடங்கள், பழைய அரசுக் கட்டடங்கள் ஆகியவற்றைப் பொதுமக்கள் படமெடுக்கலாமா, எடுக்கலாமென்றால் எங்கிருந்து, எந்தக் கருவியால், யாரைக் கேட்டு எடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு, அந்த இடங்களில் காவல் நிற்பவரின் அன்றைய மனநிலைதான் பதிலாக இருந்துவருகிறது. இதற்குத் தெளிவான, எழுத்திலான, எல்லோர் கண்ணிலும் படும்படியான ஒரு விதியைத் தொடர்புடைய துறைகள் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் கட்டுமான வரைவாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். வரைபலகையில் கோடுகளாகப் பார்த்துப் பழகியவற்றைக் கல்லாகவும் இரும்பாகவும் கான்கிரீட்டாகவும் பார்த்துப் படமெடுப்பது என் ஓய்வுக்கால ஈடுபாடு.

முதலில், இது ஏதோ பொழுதுபோக்குக்காரர்களின் சலிப்பு என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நகரம் தன் உருவத்தைத் தானே பத்திரப்படுத்திக்கொண்ட நகரமல்ல. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது இங்கேதான், 1895-ல். 1953-ல் அது நின்றது. அந்தத் தண்டவாளங்கள் எந்தத் தெருவில் எப்படித் திரும்பின, வண்டியில் எப்படி ஏறி இறங்கினார்கள் என்பதையெல்லாம் இன்று நமக்குக் காட்டுபவை யாரோ சிலர் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி நின்ற மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் போயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் புறப்படும் நிலையம் நிற்கிறது. பழைய ஸ்பென்சர் கட்டடமும் தீக்கு இரையானதுதான். அண்ணா சாலையில் நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கிய பிறகு, வழக்கு நடந்து, 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பால்தான் அது தப்பியது. இவற்றின் தோற்றத்தை நாம் அறிய முடிவது, அன்று யாரும் தடுக்காமல் விட்ட சில கேமராக்களால்தான்.

பாலங்களின் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் அவற்றை யாரும் கட்டடமாகவே எண்ணுவதில்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் செலவில் கட்டிய மர்மலாங் பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பழைய பாலத்தின் நினைவாக எஞ்சியது சாலையோரக் கல்வெட்டு ஒன்று. அடையாற்றிலேயே எல்பின்ஸ்டன் பாலம் ஓய்வுபெற்று, அதன் பக்கத்தில் திரு.வி.க. பாலம் வந்தது. நேப்பியர் பாலம் 1869-ல் இரும்பில் கட்டப்பட்டது. இப்போது நாம் காண்பது அதற்குப் பிறகு வந்த கான்கிரீட் வில் வளைவுகள், அவற்றோடு அதே வடிவில் பின்னர் எழுப்பிய இணைப்பாலம். 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாடுக்காக அதன் மேல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தீட்டியபோது ஊரே போய்ப் படமெடுத்தது. போக்குவரத்துக் காவலர்கள் நெரிசலைத்தான் ஒழுங்குபடுத்தினார்களே தவிர, யாருடைய கேமராவையும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஒரு பாலம் திருவிழாக் கோலத்தில் இருக்கும்போது படமெடுக்கத்தக்கதாகவும், மற்ற காலங்களில் ஐயத்துக்குரியதாகவும் மாறுவதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

பாலத்தையோ கட்டடத்தையோ ஒழுங்காகப் படமெடுப்பது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காவலர்களுக்கு எழும் ஐயத்தில் பாதி அந்த வேலையின் தன்மையிலிருந்தே வருகிறது. ரிப்பன் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் திறக்கப்பட்ட, லோகநாத முதலியார் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய வெள்ளைக் கட்டடம். அருகில் நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் அதன் மணிக்கூண்டு பின்னால் சரிந்து விழுவதுபோலப் படத்தில் தெரியும், செங்குத்தான சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் பின்னோக்கிப் போய், கேமராவைத் தரைக்கு மட்டமாக வைத்து, முக்காலியில் நிறுத்தி, வெயில் சாயும் வரை காத்திருக்க வேண்டும். வெள்ளைச் சுவரில் உச்சி வெயில் விழுந்தால் சாளரங்களைச் சுற்றியுள்ள வேலைப்பாடு எதுவும் பதியாது. நேப்பியர் பாலத்துக்கு நேரமே வேறு. அது வடக்கு தெற்காகக் கிடப்பதால், கூவத்தின் மேற்குப் பக்கமிருந்து காலையில் எடுத்தால் வளைவுகள் கடலுக்கு எதிரே கறுத்த நிழல்களாக நிற்கும், பிற்பகலில்தான் அவற்றின் முகம் வெளிச்சத்துக்கு வரும். ஆகவே ஒரே ஆள் ஒரே இடத்துக்குப் பல முறை வருகிறான், நெடுநேரம் நிற்கிறான், தூண்களையும் இணைப்புகளையும் உற்றுப் பார்க்கிறான், குறிப்பெடுக்கிறான். பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர் கண்ணுக்கு இது வேவு பார்ப்பதுபோலத் தெரிவதில் வியப்பில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் ஒரு தாள்கூட இல்லாமல் அவரை நிறுத்திவைத்திருப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஓர் உயர்மட்ட ரயில் நிலையத்தின் வெளியே, சாலையோர நடைபாதையில் நின்றுகொண்டு, கால்வாய்க்குள் இறங்கி நிற்கும் தூண் வரிசையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். காவலர் ஒருவர் வந்தார், இளைஞர், மரியாதையாகவே பேசினார். "சார், இங்க கேமரா அலவ்டு இல்லை" என்றார். "எந்த ஆர்டர்ல இருக்கு, தம்பி?" என்று கேட்டேன். "மேல சொல்லியிருக்காங்க சார்" என்றவர், சற்று யோசித்து, "செல்லுல வேணா எடுத்துக்குங்க, கேமராதான் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் எடுத்த படங்களை அழித்துவிட்டுப் போகும்படி கேட்டார். அவருக்குத் தொல்லை வர வேண்டாமே என்று நானும் அழித்தேன். செல்பேசியின் கேமரா இன்று எவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்யும் என்பது அந்த இளைஞருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தடை கருவியின் பருமனுக்குத்தான் என்றால், அதனால் பாதுகாப்புக்கு ஆகும் பயன் என்ன?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல; ஆனால் சட்டங்களின் வாசகங்கள் யாருக்கும் கிடைப்பவைதாம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-வது பிரிவு, கட்டடக்கலைப் படைப்பு ஒன்றைப் படமெடுப்பதோ வரைவதோ பதிப்புரிமை மீறல் ஆகாது என்று கூறுகிறது. பிரான்சு போன்ற நாடுகளில் இரவு விளக்குகளோடு ஈபில் கோபுரத்தின் படத்தை விற்பதில்கூட உரிமைச் சிக்கல் வரும். அந்த வகையில் நம் சட்டம் தாராளமானது. அடிக்கடி அச்சுறுத்தலாகச் சொல்லப்படும் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்துக்கு வருவோம். படைத்தளங்கள், ஆயுதக் கிடங்குகள் போன்றவை அச்சட்டத்தில் நேரடியாகவே தடைசெய்யப்பட்ட இடங்களாக வருகின்றன. ஆனால் ஒரு ரயில் பாதையோ சாலையோ அவற்றைச் சேர்ந்த கட்டுமானமோ அந்தப் பட்டியலில் சேர வேண்டுமானால், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு அதை அவ்வாறு அறிவித்திருக்க வேண்டும். அதோடு அந்த அறிவிக்கையின் நகல் ஆங்கிலத்திலும் அந்த வட்டாரத்தின் மொழியிலும் அந்த இடத்திலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பல முறை வாசித்துப் பார்த்தேன். நூறாண்டுக்கு முன் வெள்ளையர் ஆட்சி தன் பாதுகாப்புக்காக இயற்றிய கடுமையான சட்டமே, தடை இருந்தால் அதை உள்ளூர்க்காரன் மொழியில் ஒட்டிவை என்கிறது. நாம் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

படங்களை அழிக்கச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. எடுத்தது குற்றமானால் அந்தப் படம் சாட்சியம். அதை முறைப்படி கைப்பற்றிப் பதிவு செய்வதுதான் காவல் துறையின் வேலை. குற்றமில்லையானால் அது எடுத்தவரின் உடைமை. இரண்டில் எதுவானாலும் நடைபாதையில் நிறுத்தி அழிக்கச் சொல்வதற்கு இடமே இல்லை. விதி எதுவாக இருந்தாலும், இந்தப் பழக்கத்தையாவது உடனே கைவிடச் சொல்லித் துறைகள் தங்கள் ஒப்பந்தப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தலாம்.

பாதுகாப்பைப் பற்றிய கவலை பொய்யானதல்ல. 2008 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி நிலையத்தில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 2014 மே முதல் நாள் நம் சென்ட்ரல் நிலையத்திலேயே குவாஹாட்டி விரைவு ரயிலில் குண்டு வெடித்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். கட்டுப்பாட்டு அறை, மின்நிலையம், சோதனைச் சாவடி, கண்காணிப்புக் கேமராக்களின் அமைப்பு ஆகியவற்றைப் படமெடுக்கக் கூடாது என்றால் அதில் எவருக்கும் மறுப்பிருக்க முடியாது. ஆனால் கட்டடத்தின் முகப்பையும் பாலத்தின் வளைவையும் தெருவிலிருந்து மறைப்பதால் எதுவும் ரகசியமாகிவிடாது. 2022 ஜூலையில் கூகுள் நிறுவனம் தன் தெருக்காட்சிச் சேவையை இந்தியாவில் தொடங்கியபோது முதல் பத்து நகரங்களில் சென்னையும் ஒன்று. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இந்நகரத்தின் சாலைகளைச் சுற்றிப் பார்க்கலாம் என்ற நிலையில், அதே சாலையில் வரி கட்டி வாழ்பவன் நின்று பார்த்தால் மட்டும் குறுக்கே கை நீளுகிறது.

பிற நகரங்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இல்லை. நியூயார்க்கில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குச் சில ஆண்டுகள் கழித்து, 2004-ல், சுரங்க ரயிலில் படமெடுப்பதை முற்றிலும் தடைசெய்ய அதன் போக்குவரத்து ஆணையம் முன்மொழிந்தது. மக்கள் எதிர்த்தார்கள், மறு ஆண்டே அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. இன்று அங்கே விதி எழுத்தில் இருக்கிறது: படமெடுக்கலாம், ஆனால் தனி விளக்குகளும் முக்காலியும் கூடாது, மற்ற பயணிகளுக்கு இடைஞ்சல் கூடாது. லண்டன் சுரங்க ரயிலிலும் சொந்த உபயோகத்துக்குப் படமெடுப்பவரை யாரும் தடுப்பதில்லை, பளிச்சென்று மின்னும் விளக்கை மட்டும் வேண்டாம் என்கிறார்கள். ஓட்டுநரின் கண்ணைக் கூச வைக்கும் என்பது காரணம்; அந்தக் காரணம் யாருக்கும் விளங்குகிறது. இந்த இரு நகரங்களும் பயங்கரவாதத்தால் நம்மைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டவை அல்ல.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்பவர்களுக்கு உள்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. நினைவுச் சின்னங்களில் படமெடுப்பதற்கு நெடுங்காலம் பலவகைக் கட்டுப்பாடுகளை வைத்திருந்த இந்தியத் தொல்லியல் துறை, 2018-ல் அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி ஆகியவை நீங்கலாக மற்ற இடங்களில் அனுமதிப்பதாக அறிவித்தது. அதற்கு மாறாக, கொல்கத்தாவின் ஹவுரா பாலத்தையும் பாருங்கள். 1943-ல் திறந்த அந்த எஃகுப் பாலம், திருகாணி இல்லாமல் தறையாணிகளால் (ரிவெட்) இணைக்கப்பட்டது, பொறியாளர்கள் இன்றும் போய்ப் பார்க்கும் படைப்பு. அதில் படமெடுக்கக் கூடாது என்ற பலகை பல ஆண்டுகள் தொங்கியது. அதே காலத்தில் திரைப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் அஞ்சல் அட்டைகளிலும் அந்தப் பாலத்தைப் பார்க்காதவர் நாட்டில் யாரும் இல்லை. பெரிய நிறுவனத்துக்கு அனுமதிச் சீட்டு, தனி ஆளுக்குத் தடை என்பதே இத்தகைய பலகைகள் நடைமுறையில் கொண்டுவந்து நிறுத்தும் நிலை.

படமெடுப்பவர்கள் பக்கமும் ஒழுங்கு வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை. தண்டவாளத்தில் இறங்கி நின்று காணொளி எடுப்பது வீரமல்ல. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147-வது பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது, அதை நடைமுறைப்படுத்தினால் நான் முதல் ஆளாக வரவேற்பேன். 2024 ஜனவரியில் மும்பையில் அடல் சேது கடல் பாலம் திறந்தவுடன், அதில் காரை நிறுத்தி இறங்கித் தற்படம் எடுத்தவர்கள் மேல் போலீசார் அபராதம் விதித்தார்கள். வாகனங்கள் விரையும் பாலத்தில் நிற்பது உயிருக்கு ஆபத்து என்பதால் அது சரியான நடவடிக்கை. நிலையங்களில் களைத்து உறங்குபவர்கள், பாலத்தின் அடியில் குடியிருப்பவர்கள், பெண் பயணிகள் ஆகியோரின் முகத்தை அவர்கள் அறியாமல் எடுத்து இணையத்தில் போடுவது கட்டடக்கலைப் படமும் அல்ல, நாகரிகமும் அல்ல. விதி எழுதும்போது இதையெல்லாம் கடுமையாகவே எழுதட்டும். கடுமையான விதி தொல்லையல்ல. என்னவென்று தெரியாத விதிதான் தொல்லை.

இந்தக் கோரிக்கைக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம், மூன்று வழித்தடங்கள், ஏறத்தாழ 119 கிலோமீட்டர். இத்தனை நீளத்துக்கு நகரின் சாலைகள் பிளக்கப்பட்டும் மூடப்பட்டும் மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய பேருந்து நிறுத்தங்கள், சாலைச் சந்திப்புகள், மர நிழல்கள், சில மேம்பாலப் பகுதிகள் எல்லாம் கண் முன்னே போகின்றன. வெளியூர்ப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டதால் கோயம்பேட்டின் முகமே வேறாகிவிட்டது. 1995-ல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் தடத்தை மெட்ரோவோடு இணைக்கும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. பக்கிங்காம் கால்வாயில் காலூன்றி நிற்கும் அதன் நிலையங்கள் அழகானவை என்று நான் சொல்ல மாட்டேன். தேவைக்கு மீறிய உயரம், வெறிச்சோடிய கூடங்கள், காற்று வராத படிக்கட்டுகள். கால்வாயை நெரித்த பாவமும் அவற்றுக்கு உண்டு. ஆனால் ஒரு நகரம் தன் போக்குவரத்தைப் பற்றி ஒரு காலத்தில் என்ன கனவு கண்டது, அதைக் கான்கிரீட்டில் எப்படித் தப்பும் சரியுமாக வார்த்தது என்பதை அறிய வேண்டியவர்களுக்கு, புதுப்பித்துக் கண்ணாடி பதிக்கும் முன் உள்ள அந்தத் தோற்றம் வேண்டும். அழகானவற்றை மட்டும் படமெடுத்துப் பத்திரப்படுத்தினால் கிடைப்பது வரலாறல்ல, வாழ்த்து அட்டை.

இதில் அரசே செய்ய வேண்டிய ஒரு வேலையும் உண்டு. அமெரிக்காவில் பொருளாதார மந்தக் காலத்தில், 1933-ல், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டடங்களை அளந்து வரைந்து படமெடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1969-ல் பாலங்கள், அணைகள், ஆலைகள் போன்ற பொறியியல் படைப்புகளுக்கென்று அதே போன்ற இன்னொரு திட்டம் வந்தது. அந்தப் படங்களும் வரைபடங்களும் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இருக்கின்றன. இடிக்கப்பட்ட எத்தனையோ பாலங்களின் ஒவ்வொரு இணைப்பும் எப்படி இருந்தது என்பதை நானே சென்னையில் என் வீட்டிலிருந்து அதில் பார்த்திருக்கிறேன். என் ஊரில் இடிக்கப்பட்ட பாலத்தின் ஒரு தூணைக்கூட அப்படிப் பார்க்க எனக்கு வழியில்லை. மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ நிறுவனம், தெற்கு ரயில்வே ஆகியவற்றின் ஒப்பந்தப் புள்ளிகளில், இடிப்பதற்கு முன் அளவுகளோடு முழுமையான படப் பதிவு செய்து அரசு ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். பல கோடி செலவாகும் பணியில் இதற்கு ஆவது ஒரு பொருட்டே அல்ல. அதைச் செய்யும் வரை, சொந்தச் செலவில் பெட்ரோல் போட்டு, வெயிலில் நின்று அந்த வேலையைச் செய்ய முன்வரும் குடிமக்களையாவது விரட்டாமல் இருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு நிலைய வாசலிலும், முக்கியப் பாலங்களின் இரு முனைகளிலும், தமிழில் ஒரு பலகை. எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எந்தச் சட்டப் பிரிவின்படி, முக்காலி வைக்க வேண்டுமானால் எந்த அலுவலகத்தை அணுகுவது என்ற நான்கு விவரம். சொந்த உபயோகத்துக்கு எடுப்பவரையும் விளம்பரத்துக்கும் திரைப்படத்துக்கும் எடுப்பவரையும் பிரித்து, முன்னவருக்குக் கட்டணமில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முக்காலிக்கு அனுமதி தேவையென்றால், கூட்டம் குறைந்த ஞாயிறு காலை போன்ற நேரங்களை ஒதுக்கித் தரலாம். கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும். அதே பலகையின் நகல் ஒன்று, பணியில் நிற்கும் ஒவ்வொரு காவலர் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22 அன்று சென்னை நாள் கொண்டாடுகிறோம். அந்த வாரம் முழுவதும் எழும்பூர் நிலையத்தையும் ராயபுரம் நிலையத்தையும் சுற்றிப் பார்க்கப் பலர் கேமராவோடு கிளம்புகிறார்கள். ராயபுரம் 1856-ல் திறந்த, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். அடுத்த சென்னை நாளுக்கு முன் இந்தப் பலகைகள் அந்த இரு நிலையங்களிலாவது முதலில் வைக்கப்படுமா என்பதைத் தெற்கு ரயில்வே நிர்வாகம் தங்கள் நாளிதழ் வாயிலாகவே தெரிவிக்குமானால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாப்பூர், சென்னை.